மறுத்தவர்களின் வரலாறு

1971 ஜனவரி 14ஆம் தேதி, ஷென்டன் வேயில் உள்ள சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தில் 31 காமன்வெல்த் நாடுகளின் தலைவர்களும் பிரதிநிதிகளும் கூடினார்கள். தொழிற்சங்கங்களுக்கென்று கட்டி 1965இல் திறக்கப்பட்ட மண்டபம் அது. பாய் முடைச்சல் போன்ற மொசைக் வேலைப்பாட்டை அதன் சுவர்களில் இன்றும் பார்க்கலாம். இப்போது சிங்கப்பூர்ச் சீன இசைக்குழு அங்கே இயங்குகிறது. அந்தச் சாலையில் வேலைக்குப் போய்வரும் பலருக்கும், தென்னாப்பிரிக்க விடுதலைப் போரின் ஒரு சூடான வாக்குவாதம் அந்தக் கூரைக்குக் கீழே நடந்தது தெரியாது.

வாதம் ஆயுதங்களைப் பற்றியது. பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத், தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசுக்குக் கடற்படைத் தளவாடங்களை விற்க விரும்பினார். 1955இல் செய்துகொண்ட சைமன்ஸ்டவுன் ஒப்பந்தத்தையும், இந்தியப் பெருங்கடலில் உலவும் சோவியத் கப்பல்களையும் காரணம் காட்டினார். ஸாம்பியாவின் கென்னத் கவுண்டா, தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே, உகாண்டாவின் மில்டன் ஒபோட்டே ஆகியோர் கடுமையாக எதிர்த்தார்கள். பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டில், ஆள்கிறவன் கையில் தரும் ஆயுதம் யார் மேல் பாயும் என்று அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. லீ குவான் இயூ தலைமை வகித்தார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்னம் அப்போது நம் வெளியுறவு அமைச்சர்.

ஜனவரி 22ஆம் தேதி ‘சிங்கப்பூர்ப் பிரகடனம்’ வெளியானது. இனப்பாகுபாடு சமூகத்தின் பெருந்தீமை என்று அது சொன்னது. அந்தத் தீமைக்குத் துணைபோகும் உதவியை எந்த உறுப்பு நாடும் செய்யாது என்றும் சொன்னது. ஆனால் எது அப்படிப்பட்ட உதவி என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி உள்ளே விடப்பட்டிருந்தது. அடுத்த சில வாரங்களில் அந்த வழியாகவே வாஸ்ப் ஹெலிகாப்டர்களை விற்க லண்டன் அனுமதி கொடுத்தது. இங்கே வந்திருந்த ஒபோட்டே ஊர் போய்ச் சேருமுன், ஜனவரி 25ஆம் தேதி, இடி அமீன் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்.

தலைவர்கள் ஷென்டன் வேயில் வாதிட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், கேப் டவுனுக்கு எதிரே கடலில் கிடக்கும் ராபன் தீவுச் சிறையில் இந்திரேஷ் நாயுடு பத்தாண்டுத் தண்டனையின் எட்டாவது ஆண்டில் இருந்தார். ஜார்ஜ் நாயக்கருக்கு 14 ஆண்டுத் தண்டனை. பில்லி நாயருக்கு 20 ஆண்டு. இந்தப் பெயர்களில் நம் வீட்டு வாடை அடிக்கிறது. ஆனால் தமிழில் விடுதலை வரலாறு பேசுகிறவர்களிடம் கேட்டால், ஜார்ஜ் நாயக்கர் யார் என்று திருப்பிக் கேட்பார்கள். தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்கு காந்தி நினைவுக்கு வருவார். அடுத்து தில்லையாடி வள்ளியம்மை. 1914இல் நம் கதை முடிந்துவிடுகிறது. அங்கே அதற்குப் பிறகுதான் எண்பது ஆண்டுப் போராட்டம் நடந்தது.

முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அதே காலத்தில், அதே பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டு, அதே மாவட்டங்களிலிருந்து நம் முன்னோரில் பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். ஒரே தெருவில் அண்ணன் நேட்டாலுக்கும் தம்பி மலாயாவுக்கும் போன குடும்பங்கள் இருந்திருக்கும். துறைமுகத்தில் எந்த ஏஜெண்டின் கையில் அகப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் விழ வேண்டும். இரண்டும் வேண்டாம், சுதந்திரமாக இங்கேயே பிழைப்போம் என்றவர்கள் மேல் 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டார்கள். முதலாண்டுக் கூலிக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். மூன்று பவுண்டு என்பது ஆறு மாதச் சம்பளம். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றம், கிறிஸ்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. தாலி கட்டிய மனைவி சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டியானாள். பிள்ளைகள் வாரிசு உரிமை இழந்தார்கள். அந்த அக்டோபரில், டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அநேகமாக எல்லாரும் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. சுரங்கத்தில் தொடங்கிய நிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவி, ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவள். தாய் மங்களம், தந்தை முனுசாமி முதலியார். தாயோடு போராட்டத்தில் சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, சிறையில் காய்ச்சல் கண்டாள். தண்டனைக்காலம் முடியுமுன் விடுவிக்கிறோம் என்றபோது மறுத்தாள். வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, தன் பதினாறாவது பிறந்தநாளில் இறந்துபோனாள். இந்தியாவை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில், கேம்பல் லேன் முனையில், தரங்கம்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கட்டுமான வேலைக்கு வந்தவர். ஊர்ப் பேச்சு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அண்ணே, தில்லையாடி எங்களுக்கு நடந்துபோற தூரம். காந்தியே வந்திருக்காரு. வள்ளியம்மைக்கு மண்டபம் இருக்கு, உள்ள லைப்ரரி இருக்கு. சின்னப் புள்ளைல அங்கதான் பேப்பர் படிப்போம்” என்றார். வள்ளியம்மை எதற்காகச் சிறைக்குப் போனாள் என்று கேட்டேன். “நம்ம சுதந்திரத்துக்குத்தாண்ணே” என்றார், தயங்காமல்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் எல்லாருமே அப்படித்தான் படித்திருக்கிறோம். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பெயர். 2008இல் அஞ்சல்தலையும் வந்தது. இந்திய விடுதலையின் தியாகிகள் வரிசையில் அவளை வைத்துக் கும்பிடுகிறோம். ஆனால் அவள் கேட்டது, தான் பிறந்த மண்ணில் மனிதப் பிறவியாக வாழும் உரிமை. தன் அப்பா அம்மாவின் கல்யாணம் கல்யாணமே என்று அந்த நாடு ஏற்க வேண்டும் என்பதற்காகவும், கூலியாக வந்தவன் கூலியாகவே சாக வேண்டியதில்லை என்பதற்காகவும் அவள் சிறைக்குப் போனாள். அவளை இந்தியாவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டபோது, அவளுக்குப் பின்னால் அந்த மண்ணிலேயே நின்று போராடியவர்களை நாம் கைவிட்டுவிட்டோம்.

வள்ளியம்மை சிறை போன அந்தப் போராட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே 1913 ஜூனில், கறுப்பின மக்களின் நிலத்தைப் பறிக்கும் சட்டம் வந்தது. நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காடுதான் அவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அதே ஆண்டில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் கறுப்பினப் பெண்கள், எந்நேரமும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்துத் தெருவில் இறங்கி, சிறைக்குப் போனார்கள். இங்கே தமிழ்ப் பெண்கள், அங்கே கறுப்பினப் பெண்கள். ஆண்டு ஒன்று, அரசு ஒன்று. போராட்டங்கள் மட்டும் தனித்தனியே நடந்தன. காந்தியின் இயக்கம் இந்தியருக்கான இயக்கமாகவே நின்றது. 1914இல் வரி நீங்கியது, திருமணங்கள் செல்லுபடியாயின. காந்தி கப்பலேறினார். கறுப்பின மக்களுக்கு அந்த வெற்றியில் பங்கில்லை. நாட்டின் சொந்தக்காரர்களை விலக்கிவிட்டு நடுவில் இருப்பவன் பெறும் உரிமை எத்தனை நாள் தாங்கும் என்பதை அடுத்த முப்பது ஆண்டுகள் கசப்பாகக் கற்றுக்கொடுத்தன. 1946இல், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் வந்தது. டர்பனில் மருத்துவர் மான்டி நாயக்கரின் தலைமையில் மறுபடி அறப்போர். ஏறத்தாழ 2,000 பேர் சிறை போனார்கள். மருத்துவர் கூனம் போன்ற தமிழ்ப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

அந்தச் சிறைகளில் பழைய எல்லை உடைந்தது. 1947 மார்ச் 9ஆம் தேதி, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவர் ஸூமா, நேட்டால் இந்தியக் காங்கிரசின் மான்டி நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் யூசுஃப் தாதூ ஆகிய மூவரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அது ‘மருத்துவர்கள் உடன்பாடு’ என்றே பெயர்பெற்றது. எல்லாருக்கும் வாக்குரிமை என்ற கோரிக்கையில் இந்தியரும் கறுப்பின மக்களும் ஒன்றானார்கள்.

காகிதத்தில் ஒன்றானது தெருவில் ஒன்றாவதற்குள் ரத்தம் சிந்தியது. 1949 ஜனவரியில் டர்பனில் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் கறுப்பினச் சிறுவனுக்கும் நடந்த கைகலப்பு, இந்தியர் வீடுகளையும் கடைகளையும் தீவைக்கும் கலவரமாக வெடித்தது. அரசுக் கணக்கில் 142 பேர் இறந்தார்கள், இரு தரப்பிலும். ஏழையை ஏழையோடு மோதவிட்டு மேலே உட்கார்ந்திருப்பது வெள்ளையர் ஆட்சிக்குக் கைவந்த வேலை. ஆனாலும் கடைத்தெருவில் இந்தியர் சிலர் கறுப்பின மக்களை நடத்திய விதமும் அந்த நெருப்புக்கு விறகாயிற்று. இதை மறைத்து எழுதும் எந்தத் தமிழ் வரலாறும் நேர்மையானதாக இருக்க முடியாது. அந்தக் கலவரத்துக்குப் பிறகும் நாயக்கரும் அவருடைய தோழர்களும் உடன்பாட்டை விட்டு விலகவில்லை. கறுப்பினத் தலைவர்களோடு சேர்ந்து மக்களிடம் போனார்கள். அந்த வாரங்களில் அப்படிப் போவதற்கு எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும்!

இந்த மாற்றத்தை ஒரே குடும்பத்தில் பார்க்கலாம். தம்பி நாயுடு 1875இல் மொரீஷியஸில் பிறந்தவர். ஜோஹன்னஸ்பர்க் தமிழ் நலச் சங்கத்தின் தலைவர். காந்தியோடு நின்று பலமுறை சிறை போனவர். அவருடைய மனைவி வீரம்மாளும் 1913இல் நியூகாசிலுக்குப் போன பெண்களில் ஒருவர். அவர்களுடைய மகன் நாராயணசாமி, மருமகள் மனோன்மணி. எல்லாரும் ‘அம்மா நாயுடு’ என்று அழைத்த மனோன்மணி, 1956 ஆகஸ்ட் 9ஆம் தேதி, அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்கு முன் திரண்ட 20,000 பெண்களில் இருந்தார். அந்தச் சீட்டு கறுப்பினப் பெண்கள் மேல் சுமத்தப்பட்டது. மனோன்மணிக்கு அதை யாரும் நீட்டவில்லை. ஆனாலும் போனார். 1913இல் தனித்தனியே நடந்த இரண்டு பெண்கள் கூட்டமும் 43 ஆண்டுகள் கழித்து அந்த முற்றத்தில் ஒன்று சேர்ந்தன.

மனோன்மணியின் மகன்தான் ராபன் தீவில் பத்தாண்டு இருந்த இந்திரேஷ். மகள் சாந்தி. 1969இல் சாந்தியைப் பிடித்துத் தனிமைச் சிறையில் அடைத்தார்கள். தூங்கவிடாமல் நாள்கணக்கில் விசாரித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், வின்னி மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்லும்படி கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். தோழர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு மனசாட்சியோடு வாழ முடியாது என்று நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டார். அதற்காக மேலும் இரண்டு மாதச் சிறை. மொத்தம் 371 நாட்கள் அடைபட்டுக் கிடந்தார். 55 ஆண்டுகளுக்கு முன், விடுவிக்கிறோம் என்றபோது மறுத்த வள்ளியம்மைக்கு நேர் வாரிசு சாந்திதான்.

தனிமனிதர்கள் மறுத்தது போக, ஒரு சமூகமே மறுத்த நாளும் வந்தது. 1983இல் பி.டபிள்யூ. போத்தாவின் அரசு ஒரு புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் மூன்று அவைகள்: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஓர் இடமும் இல்லை. இந்தியருக்கு அதுவரை இல்லாத வாக்கு, பதவி, கார், அமைச்சர் நாற்காலி எல்லாம் தட்டில் வைத்து நீட்டப்பட்டன. பயந்து வாழும் சிறுபான்மையை விலைக்கு வாங்க இதைவிட நல்ல விலை கிடையாது. வாங்கிக்கொள்ளலாம், உள்ளே போய் நம்மவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 1949இன் பயம் மறையாத வீடுகளில் அந்த வாதத்துக்குச் செவி இருந்தது.

1984 ஆகஸ்ட் 28ஆம் தேதி தேர்தல். நேட்டால் இந்தியக் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் வீடு வீடாகப் போய், வாக்களிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா ஆகிய இந்தியக் குடியிருப்புகளில் வாக்குச்சாவடிகள் வெறிச்சோடின. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். அடுத்த மாதமே எம்.ஜே. நாயுடு, பில்லி நாயர் உள்ளிட்ட ஆறு தலைவர்கள், கைதுக்குத் தப்பி டர்பனின் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பில்லி நாயர் தன் 20 ஆண்டுத் தண்டனையை முடித்து வெளியே வந்திருந்தார்.

நம் மக்கள் உலகில் செய்த அரசியல் செயல்களில் ஆகப் பெரியவற்றில் ஒன்றாக அந்த ஆகஸ்ட் நாளை வைப்பேன். துப்பாக்கி ஏந்திய வீரத்துக்கு நாம் எளிதில் தலைவணங்குகிறோம். சிங்கப்பூர்த் தமிழரான நமக்கு அந்த வீரம் அந்நியமும் இல்லை. 1943 அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக அரசை அறிவித்ததும், மறுநாள் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டதும், ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் சீருடை அணிந்ததும் நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படும் கதைகள். எஸ்பிளனேட் பூங்காவில் இருந்த இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடத்தை 1945இல் பிரிட்டிஷார் தகர்த்தார்கள். 1995இல் அங்கே ஒரு நினைவுக் கல் வைக்கப்பட்டது. அந்தப் பெருமை நமக்கு இருக்க வேண்டியதுதான். ஆனால் போர் முடிந்த பிறகு, இந்த மண்ணில் எப்படி வாழ்வது என்ற கேள்விதான் நம் முன்னால் நின்றது. அதற்கு விடை தேடியவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குப் போகிற நினைப்பில் பாதி மனதோடு இருக்காதீர்கள், குடிமக்களாகப் பதிந்துகொள்ளுங்கள் என்று அவர் தமிழர்களை இடைவிடாமல் வலியுறுத்தினார். இந்த நாட்டின் நன்மை தீமைகளில் பங்கெடுங்கள் என்பதே அந்த வேண்டுகோளின் உட்பொருள்.

நம் நிலையும் தென்னாப்பிரிக்காவின் நிலையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே நிறத்தால் நாடே பிளக்கப்பட்டது. இங்கே இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி சொல்கிறார்கள். அதை 1966இல் எழுதிக் கொடுத்தவர் ராஜரத்னம். ஆனால் சிறுபான்மையாக வாழும் எந்தச் சமூகத்துக்கும் 1984இல் ஒரு பாடம் இருக்கிறது. நமக்குக் கிடைத்தால் போதும் என்று ஒதுங்குகிறோமா, நம்மைவிடக் கீழே வைக்கப்பட்டவனோடு நிற்கிறோமா? தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர் கூட்டம் கூடும்போது, இந்த நெரிசலில் யார் வருவது என்று முகம் சுளிக்கும் தமிழர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தாத்தாவும் ஒரு காலத்தில் அதே சிராங்கூன் சாலையில் அதே மாதிரி கூட்டமாய் நின்றவர்தான்.

மறுத்தவர்களின் தேசம் பிறகு என்ன ஆனது? 1994 ஏப்ரல் 27ஆம் தேதி எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 1997 மார்ச்சில் குடியரசுத் தலைவராக நெல்சன் மண்டேலா சிங்கப்பூர் வந்தபோது, ஓர் ஆர்க்கிட் மலருக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1996இல் எழுதிய தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, போற்றி மதிக்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பதவியை வாங்கிக்கொண்டவர்களின் மூன்றவை நாடாளுமன்றம் பத்தாண்டில் குப்பைக்குப் போனது. அதை வேண்டாம் என்றவர்களின் மொழி அந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் நிற்கிறது.

வள்ளியம்மையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அவளோடு நிறுத்திவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மனோன்மணியையும், சாந்தியையும், ஜார்ஜ் நாயக்கரையும் சொல்லுங்கள். 1984 ஆகஸ்ட் 28ஆம் தேதி வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருந்த, பெயர் தெரியாத அந்தத் தமிழ்க் குடும்பங்களை மறக்காமல் சொல்லுங்கள்.